மேற்கு ஜன்னலில் ஒரு லென்ஸ்

சங்கிலிமுத்துவுக்குச் சம்பளமே பயப்படுவதற்குத்தான். அச்சங்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வாசல் சோதனை அவர் வேலை. காலை ஏழரை மணிக்கு வேனிலிருந்து இறங்குகிற ஒவ்வொருவரையும் நிறுத்துவார். தீப்பெட்டி, பீடி, செல்போன், சேலையில் குத்தும் ஊக்கு, இரும்புச் சாவி, ஒன்றும் உள்ளே போகக் கூடாது. நைலான் சேலை கட்டி வந்தால் திரும்பிப் போக வேண்டியதுதான், பருத்திக்கு மட்டும்தான் அனுமதி. வெடிமருந்து அறைகளின் வாசலில் செம்புத் தகடு அடித்திருக்கும். அதில் உள்ளங்கையை வைத்து உடம்பில் சேர்ந்திருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்கலாம். யாராவது மறந்து நடந்துவிட்டால், இருபதடி தூரத்திலிருந்து சங்கிலிமுத்துவின் சத்தம் கேட்கும்.

"ஏ புள்ள, கையை வச்சுட்டுப் போ!"

"வச்சாச்சுண்ணே."

"எங்க வச்ச? நான் பாக்கல. திரும்ப வா."

பெண்கள் அவருக்குப் பின்னால் சிரிப்பார்கள். நாற்பத்தெட்டு வயது ஆள், பட்டாம்பூச்சிக்குக்கூடப் பயப்படுவார் என்று. அவர் காதில் விழும். அடுத்த ஆளை நிறுத்துவார்.

பிறந்தது மல்லாங்கிணறு பக்கம். அப்பா அடுத்தவர் புஞ்சையில் கூலி. மழை பொய்த்த ஒரு வருடத்தில் பத்தொன்பது வயதில் கம்பெனிக்கு வந்தவர்தான். அதற்கு முன்னால் ஐ.டி.ஐ.யில் ஒரு வருடம் வயர்மேன் படித்து, பரீட்சை எழுதாமல் விட்டுவிட்டார். அந்த ஒரு வருடம் அவருக்குள் எங்கேயோ கிடந்திருக்கிறது. மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்த பிறகு, வீட்டில் அவரும் மனைவி அய்யம்மாளும் மட்டும் என்றான பிறகு, செல்போனில் வீடியோ பார்த்துச் சின்னச் சின்ன ரேடியோ செய்ய ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும். வேலைநாளில் ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சூட்டுக்கோலை அவர் கையால் தொடுவதில்லை. கம்பெனித் துணியைச் சனிக்கிழமையே கொல்லையில் அவிழ்த்து நனைத்துவிட்டு, ஞாயிறு மறுபடி குளித்து, சுவரோரம் கிடந்த செம்புக் குடத்தில் கையை வைத்துவிட்டுத்தான் மேசையில் உட்காருவார். குடத்தில் கை வைப்பது எதற்கென்று அவருக்கே தெரியாது. கை தானாகப் போகும்.

வெள்ளெழுத்து வந்ததில்தான் தொந்தரவு தொடங்கியது. அரிசி முனை அளவு இடத்தில் ஈயத்தை வைக்க வேண்டும். ஒரு கையில் சூட்டுக்கோல், இன்னொரு கையில் ஈயக் கம்பி. சர்க்யூட் பலகையைப் பிடிக்க மூன்றாவதாக ஒரு கை இல்லை. பலகை நழுவும், ஈயம் பக்கத்துக் கம்பிக் காலோடு ஒட்டிக்கொள்ளும், ரேடியோ ஊமையாகிவிடும். புரட்டாசி மாதம் ஒரு லீவு நாளில் விருதுநகருக்கு பஸ் ஏறினார்.

பஜாரில் எலக்ட்ரானிக் சாமான் கடை வைத்திருந்தவர் சம்சு. ஐம்பது வயது, பேச்சுக்காரர். மூன்று சாமான்களை எடுத்துக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்தார்.

"இது மூணாங்கை, அண்ணாச்சி. இரும்பு அடிக்கட்டை, ரெண்டு முதலை கிளிப்பு, நடுவுல சின்ன லென்ஸு. எல்லாரும் இதத்தான் வாங்குதாக. இது தலைல மாட்டுறது, பிளாஸ்டிக் லென்ஸு, லைட்டு இருக்கு. தலை திரும்புற பக்கம் கூடவே திரும்பும். இது வெறும் பூதக்கண்ணாடி. அஞ்சு இஞ்சு. பழைய ஸ்டாக்கு, கனமா இருக்கும்."

சங்கிலிமுத்து மூணாங்கையின் கிளிப்பைத் தொட்டுப் பார்த்தார். இரும்புப் பல். ஒன்றோடொன்று உரசியதும் கிர் என்றது. கையை எடுத்துக்கொண்டார்.

"பித்தளைல இருக்கா பாய்?"

"பித்தளையா? எதுக்கு?"

"இரும்பும் இரும்பும் உரசக் கூடாதுல்ல."

சம்சு கிளிப்பை அழுத்தித் திறந்து காட்டினார். "அண்ணாச்சி, நீங்க கையில பிடிக்கப்போறது முந்நூத்தம்பது டிகிரிச் சூடு. அதுல கிளிப்பு உரசுனா என்ன, உரசாட்டி என்ன?"

"இல்ல பாய். பழக்கம்."

"சரி, தலைல மாட்டுறதையாவது எடுத்துக்கிடுங்க. கழுத்து வலிக்காது."

அதையும் சங்கிலிமுத்து எடுத்துப் பார்த்தார். முடியில் லேசாகத் தேய்த்து, மேசையில் கிடந்த காகிதத் துண்டுக்கு மேலே பிடித்தார். துண்டு துள்ளி வந்து ஒட்டிக்கொண்டது. பிளாஸ்டிக் என்றாலே மின்சாரம் சேர்த்து வைக்கிற சாமான். கம்பெனியில் பிளாஸ்டிக் சீப்புக்கே இடமில்லை, பிறகு இதைத் தலையில் மாட்டிக்கொண்டு உட்காருவதா?

"கண்ணாடியையே குடுங்க," என்றார்.

பலகையைப் பிடிக்க அவரே ஒன்று செய்தார். வெடிக் குழாய்களை வரிசையாக நிறுத்தி வைக்கும் மரச் சட்டம் மாதிரி, நெடுக்கப் பள்ளமாகக் காடி வெட்டிய இரண்டு மரக்கட்டைகள். ஆசாரியிடம் சொல்லி இழைத்து வாங்கினார். நடுவில் பலகையைச் செருகி இரண்டையும் நெருக்கி ஆணிக்குப் பதிலாக மூங்கில் முளை அடித்தால் அசையாது. லென்ஸுக்கு வளைகிற பித்தளைக் கம்பி, கட்டையில் இறுக்கியது. மரம், பித்தளை, கண்ணாடி. இரும்பும் இல்லை, பிளாஸ்டிக்கும் இல்லை. கம்பெனியின் சட்டப்படி பார்த்தால் தப்புக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. அந்தக் கண்ணாடிக்குக் கீழே ஈயம் ஒரு நெல்மணி அளவுக்குப் பெரிதாகத் தெரிந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு ரேடியோ பேசின.

ஒவ்வொரு முறையும் லென்ஸைக் கழற்றி டப்பாவில் வைத்துவிடுவார். மூன்றாவது ஞாயிறு, வேலை பாதியில் நின்றது. இருபத்தெட்டுக் கால் உள்ள ஒரு சில்லு, பதினொன்று முடிந்து பதினேழு பாக்கி. கண்ணாடியின் சாய்வைக் கலைத்தால் திரும்பப் பார்வைக்குக் கொண்டுவர அரை மணி நேரம் ஆகும். அப்படியே விட்டுவிட்டுப் படுத்தார்.

மறுநாள் திங்கட்கிழமை. தீபாவளிக்குப் பத்தொன்பது நாள். கம்பெனியில் மூச்சுவிட நேரமில்லாத சீசன். பிற்பகல் மூன்றரை மணிக்குச் சங்கிலிமுத்து வெடி காயவைக்கும் களத்தின் வேலியைச் சுற்றி வந்தார். தினமும் செய்வதுதான். காற்றில் வந்து விழுந்த குப்பை, லாரிக்காரர்கள் எறிந்துவிட்டுப் போகிற பாட்டில், எல்லாம் பொறுக்க வேண்டும். முள்ளுக்குள் ஒரு சோடா பாட்டில் உடைந்து கிடந்தது. அதன் அடிப்பாகம் வழியாக வெயில் இறங்கி, மண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி. புள்ளிக்குள் கிடந்த சருகு ஓரம் கருத்துச் சுருண்டிருந்தது.

பாட்டிலை எடுத்துப் பையில் போட்டார். நாலடி நடந்தார். நின்றுவிட்டார்.

வீட்டில் மேசை மேற்கு ஜன்னலுக்குக் கீழே இருக்கிறது. மூன்று மணிக்கு மேல் அந்த ஜன்னலில் வெயில் விழும். ஐந்து இஞ்சுக் கண்ணாடி.

ஜன்னல் கதவு சாத்தியிருக்கும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அய்யம்மாள் மேற்கு ஜன்னலைச் சாத்தித்தான் வைப்பாள், சூடு வருமென்று. ஆனாலும் வாசலுக்கு ஓடினார். சூப்பர்வைசரிடம் வயிற்று வலி என்றார். செல்போன்களை வாங்கி வைக்கும் மரப் பெட்டியிலிருந்து தன்னுடையதை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்துதான் அழுத்தினார். அய்யம்மாள் அன்று சாத்தூரில் தங்கச்சி மகன் நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தாள். மைக் செட்டு இரைச்சலுக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது.

"மேற்கு ஜன்னலைச் சாத்திட்டு வந்தியா?"

"எதுக்குக் கேக்கீக?"

"சாத்துனியா, இல்லையா?"

"தொறந்துதான் கெடக்கு. நேத்து நீங்க கிளப்புன ஈயப் புகை தலைகாணி வரைக்கும் நாறுது. வெயில் படட்டும்னு தொறந்து போட்டேன்."

"கண்ணாடி?"

"அதத் தொடாதன்னீகளே. நான் எங்க தொட்டேன்?"

அவர் சொன்னார். வெயில், கண்ணாடி, சருகு. சொல்லி முடித்த பிறகு அந்தப் பக்கம் மைக் செட்டு மட்டும் கேட்டது. யாரோ பந்திக்கு அழைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அய்யம்மா?"

"என்னங்க..." அவள் குரல் இறங்கியிருந்தது. "கட்டிலுக்கு அடியில நாலு சாக்கு இருக்கு."

என்ன சாக்கு என்று அவர் கேட்கவில்லை. ஊருக்குள் சீசன் நேரத்தில் வீடுகளில் என்ன சாக்கு வரும் என்று அவருக்குத் தெரியும். ஏஜெண்டுகள் உதிரி வெடிகளைத் திரியோடு கொடுத்து, சரமாகப் பின்னி வாங்கிப் போவார்கள். வீட்டில் வைத்துச் செய்யக் கூடாத வேலை. பிடிபட்டால் கேஸ். பிடிபடாமல் வெடித்தால் கேஸ் போட ஆளிருக்காது.

"எல்லா வீட்டுலயும் வாங்குதாக. என் கைக்குன்னு நாலு காசு இருக்கட்டும்னுதான். உங்ககிட்டச் சொன்னா நீங்க தூங்க மாட்டீக."

கட்டில் மேசையை ஒட்டிக் கிடக்கிறது. நேற்று ராத்திரி அவர் படுத்திருந்தது அந்தக் கட்டிலில்.

"சாவியோட கிளம்பு," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

அடுத்து எதிர்வீட்டு ரோஜாவைக் கூப்பிட்டார். முப்பத்தைந்து வயது, கைகால் நிற்காத பெண். அவள் எடுத்ததும் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. தினமும் அவளை வாசலில் நிறுத்தி ஊக்கு இருக்கிறதா என்று பார்க்கிற ஆள் அவர். இன்றைக்குத்தான் அவள் லீவு.

"ரோஜா, தெருவுல இருக்கிற அம்புட்டுப் பேரையும் கண்மாய்க் கரைக்குக் கூட்டிட்டுப் போ. இப்பவே. ஒருத்தரும் வீட்டுல இருக்கக் கூடாது."

"என்னண்ணே? யாரு வாராக?"

"கேள்வி கேக்காத. போ."

எக்ஸெல் வண்டியில் ஆறு கிலோமீட்டர். வழியெல்லாம் அவர் காது முன்னால் போய்க்கொண்டிருந்தது. எங்கேயாவது ஒரு சத்தம் கேட்கும் என்று. கருவேல முள்ளின் நிழல் ரோட்டில் நீளமாகிக்கொண்டே வந்தது. ஒரு லோடு வேன் டயரை மேட்டில் ஏற்றி இறக்கிய சத்தத்துக்கு வண்டியோடு கீழே விழப் பார்த்தார். புகை தெரிகிறதா என்று ஊர்ப்பக்கம் பார்ப்பார், பார்த்ததும் கண்ணை ரோட்டுக்குத் திருப்பிக்கொள்வார். ஒன்றும் தெரியவில்லை என்பதும் நிம்மதியாக இல்லை. வெடிக்கு முன்னால் புகை வர வேண்டும் என்று கட்டாயமில்லை.

தெருவில் அவருடையது கடைசி வீடு. கண்மாய்க்குப் போகிற தடம் அந்த மேற்குச் சுவரை உரசித்தான் போகும். வண்டியைத் திருப்பியதும் அவர் பார்த்தது, தடத்தில் வரிசையாகப் பெண்கள். ஒவ்வொருத்தி இடுப்பிலும் ஒரு சாக்கு. ஒருத்தி தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று. அவர் வீட்டு ஜன்னலுக்கு இரண்டடி தள்ளி, வெயிலில் வேர்த்து விறுவிறுக்க ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ரோஜா முன்னால்.

"எத்தனை ஜீப்புண்ணே வருது?" என்று கத்தினாள். "சாத்தூர் தாண்டிட்டாங்களா?"

அவருக்கு அப்போதுதான் விளங்கியது. தெருவைக் காலி பண்ணு என்று கம்பெனி ஆள் போன் செய்தால் அந்தத் தெருவில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ரெய்டு.

"சாக்கைப் போட்டுட்டு ஓடுங்க! அங்கனயே போடுங்க!"

"போட்டுட்டு? கேக்குறவனுக்கு நீங்களா பதில் சொல்லுவீக?" என்றாள் ஒருத்தி, நடையை நிறுத்தாமல்.

"ரெய்டு இல்ல!" வண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். "என் வீட்டுக்குள்ள தீப்பத்தப் போகுது. உள்ள நாலு சாக்கு வெடி இருக்கு."

நின்றுவிட்டார்கள். ஓடச் சொன்னபோது நடந்தவர்கள், இப்போது ஒரு கணம் அசையாமல் நின்றார்கள்.

"உங்க வீட்டுலயா?" என்றாள் ரோஜா.

அப்புறம் சாக்குகள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. பத்துப் பன்னிரண்டு சாக்கு, தடம் முழுக்க. பெண்கள் கண்மாயைப் பார்த்து ஓடினார்கள்.

சங்கிலிமுத்துவுக்கு இருபத்தொன்பது வருடமாகத் தெரிந்த பாடம் ஒன்றே ஒன்று. டப் என்று சின்னச் சத்தம் கேட்டாலும் திரும்பிப் பார்க்காமல் ஓடு. பக்கத்து ஆளை இழுக்காதே, செருப்பைத் தேடாதே, ஓடு. அவர் கால் இரண்டும் அதற்குத்தான் இழுத்தன. ஜன்னலுக்கு அவர் போனது எப்படி என்று பிறகு எத்தனை பேர் கேட்டும் அவரால் சொல்ல முடிந்ததில்லை.

கம்பிக்குள் பார்த்தார். கண்ணாடி நிறைய வெயில். மேசையில் அவர் படம் வரைந்து வைத்திருந்த நோட்டின் குறுக்கே ஒரு பழுப்புக் கோடு, புழு ஊர்ந்த தடம் மாதிரி. கோடு மேசை விளிம்போடு முடிந்திருந்தது. வெள்ளைப் புள்ளி விளிம்பைத் தாண்டிக் கட்டிலில் தொங்கிய போர்வையில் நின்றது. அங்கிருந்து நூல் போலப் புகை.

சட்டையைக் கழற்றிக் கம்பியில் போர்த்தினார். புள்ளி செத்தது. புகை சாகவில்லை. பருத்திப் போர்வை, உள்ளுக்குள் கனிந்து கனிந்து தின்னும். கையை நீட்டினார், தோள் வரைக்கும் போயும் எட்டவில்லை. பூட்டை உடைக்கலாமென்று கல்லைத் தேடிக் குனிந்தவர், நிமிர்ந்துவிட்டார். இரும்புப் பூட்டில் கல்லை அடித்தால் பொறி பறக்கும். தடத்தில் பன்னிரண்டு சாக்கு கிடக்கிறது.

"இந்தாங்க."

பின்னால் ரோஜா நின்றாள். இடுப்பில் தண்ணீர்க் குடம்.

"நீ போகலையா? ஓடு புள்ள!"

"நான் ஓடுனா எவ தண்ணி மொண்டு குடுப்பா? ஊத்துங்க முதல்ல. ஏச்சை அப்புறம் வச்சுக்கிடலாம்."

கம்பி வழியாக விசிறி ஊற்றினார். முதல் குடம் மேசையில்தான் விழுந்தது. ரேடியோக்கள், இருபத்தெட்டுக் கால் சில்லு, எல்லாம் நனைந்தன. இரண்டாவது குடத்தில் பாதி போர்வையில் பட்டது. மூன்றாவதற்குப் புகை நின்றது. நாலாவதை ரோஜா அவர் கையிலிருந்து பிடுங்கித் தானே ஊற்றினாள். கண்ணாடி செய்த வேலையை அதற்குள் அவளிடம் சொல்லியிருந்தார்.

அய்யம்மாள் ஆட்டோவில் வந்து இறங்கியபோது பட்டுச்சேலையில் இருந்தாள். சட்டையில்லாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்தாள். நேரே போய்ப் பூட்டைத் திறந்தாள். போர்வையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை, சுற்றிலும் கரி. அதற்கும் கீழே இருந்த சாக்கின் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி. அவள் குனிந்து சாக்கைத் தொட்டுவிட்டுக் கையை உதறினாள்.

"நனைஞ்சிருச்சு," என்றாள்.

அவர் உள்ளே வந்து பார்த்தார். ஊற்றிய தண்ணீர் தரையில் ஓடிக் கட்டிலுக்கு அடியில் தேங்கியிருந்தது. இரண்டு சாக்கின் அடிப்பாகம் ஊறியிருந்தது. நெருப்பைவிட அவர் பயப்படுவது இதற்குத்தான். அலுமினியப் பொடி கலந்த மருந்தில் அரைகுறையாக ஈரம் பட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே தானாகச் சூடேறிக்கொண்டிருக்கும். ஒரு மணி நேரமோ, ஆறு மணி நேரமோ, யாரும் கணக்குச் சொல்ல முடியாது.

"தீயணைப்புக்குப் போன் போடப்போறேன்," என்றார்.

"கிறுக்கா உங்களுக்கு? கேஸாயிரும்."

"ஆகட்டும்."

"வாசல்ல நிக்கிற வேலை போயிரும். ஊரு என்ன சொல்லும்? ஊக்குப் பார்த்தவன் வீட்டுல வெடி இருந்துச்சுன்னு சொல்லும்."

"சொல்லட்டும். இத எவனும் கையால தூக்கக் கூடாது, அய்யம்மா. நீயும் தொடாத. வெளிய வா."

கண்மாய்க் கரையிலிருந்து இரண்டு மூன்று பேர் திரும்பி வந்திருந்தார்கள். போன் என்றதும் அவர்கள் முகம் மாறியது.

"நல்ல ஆளுண்ணே நீங்க," என்றாள் ரோஜா. சற்று முன் குடம் தூக்கிய அதே ரோஜா. "உங்க கண்ணாடிக்கு எங்களயும் சேத்து உள்ள தள்ளுவீகளா? உங்க சாக்கை மட்டும் தூக்கிக் கண்மாய்ல எறிஞ்சிட்டுப் போங்க."

அவருக்கு அவளைப் பார்க்கவும் பயமாகத்தான் இருந்தது. நாளைக்கு இதே தெருவில் நடக்க வேண்டும், இதே குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டும். இரண்டு முறை எண் தப்பிப்போனது. மூன்றாவது முறை மணி அடித்தது. வீட்டு அடையாளம், சாக்கு எத்தனை, எத்தனை நனைந்தது, எல்லாம் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

வண்டி வர அரை மணி நேரம் ஆனது. அதற்குள் தடத்தில் கிடந்த பன்னிரண்டு சாக்கில் ஒன்றுகூட இல்லை. யார் எடுத்தார்கள், எங்கே கொண்டுபோனார்கள் என்று அவர் பார்க்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வந்த வீரர்கள் நாலு சாக்கையும் தண்ணீர் நிறைந்த பீப்பாய்களுக்குள் முழுசாக அமுக்கி, ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப்போனார்கள். கடைசிப் பீப்பாய் வாசலைத் தாண்டும்வரை சங்கிலிமுத்து எண்ணிக்கொண்டே நின்றார்.

அதிகாரி பானெட் மேல் அட்டையை வைத்து எழுதினார். இளவயசு, கண்ணில் களைப்பு.

"காரணம் என்னன்னு போடுறது?"

"பூதக்கண்ணாடி சார். வெயில் பட்டு..."

"என்ன தொழிலுக்கு வச்சிருந்தீங்க?"

"தொழில் இல்ல சார். ஞாயித்துக்கிழமை சும்மா ரேடியோ செய்வேன்."

அதிகாரி நிமிர்ந்து அவரை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதினார். "சரக்கு யார் பேர்ல?"

"என் பேர்ல," என்றார் சங்கிலிமுத்து.

"பொய் சார்," என்றாள் அய்யம்மாள். பட்டுச்சேலையின் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "வாங்குனது நான். ஒளிச்சு வச்சது நான். அவருக்கு இன்னைக்கு மத்தியானம் வரைக்கும் தெரியாது. அய்யம்மாள்னு எழுதுங்க."

"கண்ணாடிய வச்சது நான்தான?" என்றார் அவர்.

"கண்ணாடி வச்சதுக்குக் கேஸ் கிடையாது. பேசாம நில்லுங்க. அந்தச் சட்டையை எடுத்து மாட்டுங்க முதல்ல, ஆள் பாக்குறாக."

அவர் ஜன்னலுக்குப் போனார். பொழுது இறங்கிவிட்டது, வெயில் கண்மாய்க் கரை மரங்களுக்குப் பின்னால் போயிருந்தது. ஆனாலும் சட்டையைக் கம்பியிலிருந்து எடுக்க அவருக்குக் கை வரவில்லை. உள்ளே போய், கண்ணாடியைக் கழற்றி, கவிழ்த்து வைத்து, அதன்மேல் ஈரப் போர்வையைப் போட்ட பிறகுதான் வந்து எடுத்தார். வெளியே அய்யம்மாள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.